டச்பேட்: தொட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

"கேமிங் லேப்டாப்புக்கு எதுக்கு தம்பி டச்பேடைப் போட்டு நோண்டுறீங்க? எப்படியும் மவுஸ்தானே மாட்டப் போறீங்க?" சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் நீங்கள் வெளியே வர முடியாது. கேட்பவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. துப்பாக்கி விளையாட்டை டச்பேடில் யாரும் ஆடுவதில்லை, ஆடவும் முடியாது. ஏன் முடியாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் இந்த ஊரில் கேமிங் லேப்டாப் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் யார்? கல்லூரிப் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர் அதுதான். பகலில் வகுப்பு, மாலையில் கோடிங், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் விளையாட்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும்போது மவுஸை எடுத்து டக் டக் என்று அடித்தால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்த நேரம் முழுக்க உங்கள் விரல் இருக்கப்போவது டச்பேடின் மேல். கிராஃபிக்ஸ் கார்டு ராத்திரி இரண்டு மணி நேரம் உழைக்கும். டச்பேட் பகல் முழுக்க உழைக்கும். ஆகவே கேமிங் லேப்டாப்பின் டச்பேடை விளையாட்டுச் சாமானாகப் பார்க்காமல் வேலைச் சாமானாகப் பார்த்து வாங்குங்கள்.

சிக்கல் என்னவென்றால், விலைச்சீட்டில் இது வராது. பிராசஸர், ரேம், ஆர்டிஎக்ஸ் எண், திரையின் ஹெர்ட்ஸ் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். டச்பேட் பிளாஸ்டிக்கா கண்ணாடியா என்று அட்டைப்பெட்டியில் எழுதும் வழக்கம் அநேகமாக இல்லை. விலையைக் கட்டுக்குள் வைக்க கம்பெனிகள் கை வைக்கும் இடங்களில் ஸ்பீக்கர், வெப்கேமராவோடு இதுவும் ஒன்று.

எங்கே தொட்டுப் பார்ப்பது

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ரிச்சி தெருவும், அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் விலைக்குப் பேர்போனவை. மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். ஆனால் அங்கே சின்னக் கடைகளில் சீல் உடைக்காத பெட்டிதான் கைக்கு வரும். "பிரிச்சா வாங்கிக்கணும் சார்" என்பார்கள். அவர்கள் பக்கம் அது சரிதான், சீல் போன பெட்டியை அடுத்தவர் முழு விலைக்கு எடுக்க மாட்டார்.

தி. நகரிலும் அடையாறிலும் உள்ள பெரிய ஷோரூம்களில் டெமோ பீஸ் திறந்தே இருக்கும். முதலில் அங்கே போய் விரலால் பார்த்துவிடுங்கள். மாடல் எண்ணை கடைசி எழுத்து வரைக்கும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வரும் லேப்டாப்பில் சில நேரம் இரண்டு விதமான டச்பேட் இருக்கும். ஒரு பாகத்தை ஒரே கம்பெனியிடம் வாங்காமல் எலான், சினாப்டிக்ஸ் என்று மாற்றி மாற்றி வாங்குவது இந்தத் தொழிலில் சகஜம். பிறகு விலையை எங்கே பேசுவது என்பது உங்கள் சாமர்த்தியம். ஷோரூமில் பார்த்துவிட்டு ரிச்சி தெருவில் வாங்குவது தர்மமா என்று கேட்டால், ரிச்சி தெரு விலையைச் சொன்னால் ஷோரூமிலும் இறங்கி வருவார்கள் என்பதுதான் என் பதில்.

கடையில் ஐந்து நிமிடம்

ஒரு விரலை வைத்து மிக மெதுவாகக் குறுக்காக இழுங்கள். பெயிண்ட் திறந்திருந்தால் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஒரு சாய்கோடு வரையுங்கள். கோடு படிக்கட்டாக உடைந்தோ, நெளிந்தோ வந்தால் சென்சார் சுமார் ரகம். வேகமாக இழுக்கும்போது எல்லா டச்பேடும் நன்றாகத்தான் இருக்கும். குட்டு வெளிப்படுவது மெதுவாக இழுக்கும்போது.

அடுத்து அழுத்திப் பாருங்கள். இப்போது வரும் பெரும்பாலான டச்பேடுகளுக்குத் தனிப் பொத்தான் கிடையாது, பலகை முழுதுமே பொத்தான். மேல் விளிம்பில் கீல், கீழே ஒரு சுவிட்ச். அதனால் கீழ்ப்பகுதியில் லேசாக அழுந்தும், மேலே போகப் போகக் கடினமாகும், உச்சியில் அசையவே அசையாது. இது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. கோளாறு எது என்றால், இடது மூலையும் வலது மூலையும் வெவ்வேறு அழுத்தம் கேட்பது. லேசாகத் தட்டினாலே பலகை கடகடவென்று ஆடுவதும் கோளாறுதான். கடையிலேயே ஆடுகிற டச்பேட் ஒரு வருடத்தில் சரியாகப்போவதில்லை.

கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பது விரலுக்கே தெரியும். ஏசி ஓடும் கடையில் கண்ணாடி சில்லென்று இருக்கும். ரேசர் பிளேடு போன்ற விலை கூடிய ரகங்களில் கண்ணாடி வரும். நடுத்தர விலையில் பெரும்பாலும் மைலார் என்ற பிளாஸ்டிக் படலம்தான். புதிதில் இரண்டும் வழுக்கும். பிளாஸ்டிக்கில் விரல் அதிகம் போகும் நடுப்பகுதி நாளடைவில் பளபளவென்று தேய்ந்து, வியர்த்த விரல் அங்கே ஒட்டிக்கொள்ளும். அதற்காக மட்டும் கூடுதலாகப் பல ஆயிரம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரே விலையில் இரண்டு மாடல் கையில் இருந்தால் கண்ணாடியை எடுங்கள்.

இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். 15.6 அங்குல கேமிங் லேப்டாப்பில் வலப்பக்கம் எண் விசைகள் இருந்தால், எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். டச்பேட் ஸ்பேஸ் பாருக்கு நேர் கீழே இருக்க வேண்டும். லேப்டாப்பின் நட்டநடுவில் வைத்திருந்தால் டைப் அடிக்கும்போது வலது உள்ளங்கை அதன் மேல் ஏறி உட்காரும். ஒரு பத்தி டைப் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 2017-ல் வந்த ஏசஸ் ஆர்ஓஜி செஃபிரஸ் ஜிஎக்ஸ்501 மாடலில் டச்பேடே வலது ஓரத்துக்குப் போய்விட்டது, தேவைப்பட்டால் அதுவே எண் விசைப்பலகையாகவும் மாறும். இடக்கைக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். செகண்ட் ஹாண்ட் சந்தையில் இப்படிப்பட்டது கண்ணில் பட்டால், பெயரைப் பார்த்து மயங்காமல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஏன் சுட முடியாது

துப்பாக்கி விளையாட்டில் வலது பொத்தானை அழுத்திப் பிடித்துக் குறி பார்த்து, அதை விடாமல் இடது பொத்தானால் சுட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். மேலே சொன்ன பலகையில் இருப்பதோ ஒரே சுவிட்ச். நீங்கள் அழுத்தியது இடதா வலதா என்பதை விரல் இருக்கும் இடத்தை வைத்து மென்பொருள்தான் ஊகிக்கிறது. ஏற்கெனவே அழுந்தியிருக்கும் சுவிட்சை இன்னொரு முறை அழுத்த முடியாதே! விலை கூடிய டச்பேடானாலும் இதில் மாற்றமில்லை. 2019-ல் வந்த ஏலியன்வேர் ஏரியா-51எம் போன்றவற்றில் கீழே இரண்டு தனிப் பொத்தான்கள் இருந்தன. அங்கே இது நடக்கும், மணிக்கட்டு வலிக்கும், அவ்வளவுதான். சதுரங்கம், சீட்டாட்டம், சிவிலைசேஷன் மாதிரி மாறி மாறி நகர்த்தும் விளையாட்டுகளுக்கு டச்பேட் தாராளமாகப் போதும். மற்றதற்கு மவுஸ் வாங்கிவிடுங்கள்.

செட்டிங்ஸ்

முதலில் ஒரு சோதனை. விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் டிவைசஸ், அதற்குள் டச்பேட். விண்டோஸ் 11 என்றால் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் டச்பேட். அங்கே மூன்று விரல், நான்கு விரல் சைகைகளுக்கெல்லாம் தனித்தனியாக வரிசை இருந்தால் உங்களுடையது பிரிசிஷன் டச்பேட். 2013-ல் விண்டோஸ் 8.1 உடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதற்கு முன்னால் விரல் அசைவை டச்பேட் கம்பெனியின் டிரைவர் கணக்குப் போடும், ஒவ்வொரு லேப்டாப்பும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். இப்போது அந்தக் கணக்கை விண்டோஸே போடுகிறது. பழைய செகண்ட் ஹாண்ட் லேப்டாப்பில் வெறும் ஆன், ஆஃப் மட்டும் தெரிந்தால் அது அந்தக் காலத்து ரகம். பேரம் பேச ஒரு காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் 'டச்பேட் மோசம்' என்று சொல்வதில் கணிசமானது சென்சிட்டிவிட்டி என்ற ஒரே அமைப்பில் அடங்கிவிடும். மோஸ்ட், ஹை, மீடியம், லோ என்று நான்கு நிலை. பெயரைப் பார்த்தால் விரலின் அழுத்தத்தைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் இது உள்ளங்கை தவறிப் படுவதைத் தடுக்கும் காவலின் கெடுபிடி. கீபோர்டில் விசை அழுந்தியதும் டச்பேட் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்ளும். லோ வைத்தால் காவல் அதிகம், மோஸ்ட் சென்சிட்டிவ் வைத்தால் காவலே இல்லை. டபிள்யூ விசையை அழுத்திக்கொண்டு நடக்கும்போது டச்பேடில் பார்வையைத் திருப்ப முடியவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு மருந்து இதுதான், மோஸ்ட் சென்சிட்டிவுக்கு மாற்றுங்கள். ரிப்போர்ட் டைப் அடிக்கும்போது கர்சர் வேறு வரிக்குத் தாவுகிறது என்றால் நேர்மாறாக மீடியம் அல்லது லோவுக்கு இறக்குங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே நிலை பொருந்தாது, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

மவுஸ் மாட்டியிருக்கும்போதும் டச்பேட் வேலை செய்யட்டுமா என்று கேட்கும் ஒரு டிக் பெட்டி அதே பக்கத்தில் இருக்கும். விளையாடுகிறவர்கள் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், இடது கட்டைவிரல் பட்டுக் குறி விலகுவது நின்றுவிடும். இதில் ஒரு பொறி உண்டு. வயர்லெஸ் மவுஸின் குட்டி டாங்கிள் யூஎஸ்பி துளையிலேயே இருந்தால், மவுஸ் வீட்டு மேசையில் கிடந்தாலும் மவுஸ் மாட்டியிருப்பதாகத்தான் விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மறுநாள் வகுப்பில் திறந்தால் டச்பேட் அசையாது. டாங்கிளை உருவிவிட்டால் உயிர் வந்துவிடும்.

மூன்று விரல் சைகைகளை அப்படியே விடாதீர்கள். விளையாட்டின் நடுவே மூன்று விரல் தற்செயலாக மேலே இழுபட்டால் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் சிறிதாகி வரிசையில் வந்து நிற்கும். மேலே, கீழே இழுப்பதை 'நத்திங்' ஆக்கிவிடுங்கள். மூன்று விரல் தட்டலை மட்டும் மிடில் மவுஸ் பட்டனாக மாற்றினால் பிரவுசரில் இணைப்பைப் புதிய டாபில் திறக்கலாம், வேண்டாத டாபை ஒரே தட்டில் மூடலாம். ஸ்க்ரோல் திசை, கர்சர் வேகம் எல்லாம் உங்கள் ருசி.

கடைசியாக, கீபோர்டின் மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட ஒரு விசை இருக்கும். எஃப்என் உடன் அதை அழுத்தினால் டச்பேட் அணையும். தெரியாமல் அழுத்திவிட்டு 'டச்பேட் செத்துப்போச்சு' என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நிறைய. ஆட்டோ பிடிக்கும் முன் அந்த விசையைத் தேடுங்கள்.

சார்ஜர் மாட்டினால் மட்டும் துள்ளுகிறதா?

இதுதான் நம் ஊருக்கே உரிய தலைவலி. பேட்டரியில் ஓடும்போது டச்பேட் சமர்த்தாக இருக்கும். சார்ஜரை மாட்டியதும் கர்சர் துள்ளும், தானாகவே கிளிக் ஆகும், இரண்டு விரலால் இழுத்தால் பக்கம் சிறிதும் பெரிதுமாகும். லேப்டாப்பின் உலோக விளிம்பைப் புறங்கையால் தடவினால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். லேப்டாப்பை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கடையில் சண்டை போடுவதற்கு முன், சுவரைப் பாருங்கள். எர்த் இல்லை.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். டச்பேடுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மின்முனைகள் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அவற்றில் மின்னூட்டம் துளியளவு மாறும், அதை அளந்துதான் விரல் எங்கே என்று கண்டுபிடிக்கிறது. இன்னொரு பக்கம், சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. அவை வடிகட்டியதைத் தள்ள வேண்டிய இடம் எர்த் பின். அந்தப் பாதை அடைபட்டால் லேப்டாப்பின் உடலே தரையிலிருந்து விலகி மிதக்கும், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அளவுக்குக்கூட. மின்னோட்டம் மிகமிகக் குறைவு என்பதால் விர்ரென்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் துளியளவு மாற்றத்தை அளக்கும் டச்பேடுக்கு அந்த இரைச்சல் போதும், விரல் இருக்கும் இடத்தைத் தவறாகச் சொல்ல.

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் இரண்டு துளை சாக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே மூன்று பின் பிளக்கை நுழைக்க டூ பின் கன்வெர்ட்டர் போடுகிறார்கள், எர்த் அங்கேயே அறுந்துவிடும். சிலர் மூன்றாவது பின்னையே வெட்டிவிடுகிறார்கள், அதைச் செய்யவே கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சில கேமிங் லேப்டாப்புகளின் சார்ஜர், ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய 16 ஆம்ப் பிளக்கோடு வருகிறது. ஹாலில் அந்த சாக்கெட் இருக்காது, உடனே ஒரு மலிவு கன்வெர்ட்டர், அதற்குள் எர்த் தகடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இதற்கு நேரான வழி, ஒயரையே மாற்றுவது. சார்ஜர் கட்டையில் ஒயர் நுழையும் துளை டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருப்பது போன்றே இருந்தால், சாதாரண 6 ஆம்ப் மூன்று பின் கம்ப்யூட்டர் பவர் கார்டு அதில் பொருந்தும். 230 வாட் சார்ஜர் இழுப்பது ஒன்றேகால் ஆம்ப் அளவுதான். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்று துளை சாக்கெட்டாக இருந்தும் துள்ளினால் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே காட்டும் அளவை ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். அடுக்குமாடியில் எர்த் குழி எங்கே என்று வாட்ச்மேனிடம் விசாரியுங்கள். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய பழைய குழி, கத்திரி வெயிலில் காய்ந்து போனால் எர்த்தின் வலு குறையும். அந்தக் காலத்தில் வெயில் நாளில் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். இப்போது அதன் மேல் டைல்ஸ் பதித்து ஸ்கூட்டர் நிறுத்தியிருப்பார்கள்.

வியர்வை, ஸ்டிக்கர், டாஸ்

ஈரமும் மின்னூட்டத்தை மாற்றும் என்பதால் வியர்த்த விரலையும் டச்பேட் தவறாகப் படிக்கும். பக்கத்தில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையில் குளிர்ந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்காற்று வீசும் பால்கனியில் உடனே உட்கார்ந்தால் பலகையில் பனி கோர்க்கும், பத்து நிமிடம் பொறுத்துத் திறக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க, லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும். ஸ்கின் ஒட்டுகிறவர்கள் டச்பேடுக்கும் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். அதை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், விரல் வழுக்குவதும் போகும், சென்சாரின் கூர்மையும் குறையும்.

விண்டோஸ் இல்லாத டாஸ் மாடல் வாங்கி, புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது டச்பேட் அசையாவிட்டால் பதற வேண்டாம். டச்பேட் பேசும் ஐ2சி இணைப்புக்கு இன்டெல் சீரியல் ஐஓ டிரைவர் வேண்டும், ஏஎம்டி என்றால் அதற்குரிய ஐ2சி டிரைவர். ஒரு யூஎஸ்பி மவுஸை மாட்டி வேலையை முடித்துவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுங்கள். உபுண்டு 24.04 போடுகிறவர்கள் செட்டிங்ஸில் மவுஸ் அண்ட் டச்பேட் பகுதிக்குப் போனால், டைப் அடிக்கும்போது டச்பேடை முடக்கும் பொத்தான் அங்கே இருக்கிறது. விளையாட்டுக்கு ஆஃப், கோடிங்குக்கு ஆன்.

பலகை மேலே எழும்பினால்

கேமிங் லேப்டாப்பில் பேட்டரி பெரும்பாலும் உள்ளங்கை வைக்கும் இடத்துக்குக் கீழே, டச்பேடுக்கு நேர் அடியில் படுத்திருக்கும். வருடக்கணக்கில் சார்ஜரிலேயே, நூறு சதவீதத்திலேயே, சூட்டிலேயே கிடக்கும் பேட்டரி உப்பும். முதலில் அது காட்டிக்கொடுப்பது டச்பேடில்தான். நேற்று வரை அழுந்திய பலகை இன்று கல்லாக இருக்கும், அல்லது ஒரு ஓரம் மட்டும் மேலே எழும்பும். மூடி சரியாக மூடாது. இதை டச்பேட் கோளாறு என்று நினைத்து அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், உப்பிய லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். மேசையிலேயே வைத்து விளையாடுகிறவர்கள் முன்கூட்டியே கம்பெனியின் செயலியில், லெனோவோவில் வான்டேஜ், ஏசஸில் மைஏசஸ் என்று இருக்கும், சார்ஜை 80 சதவீதத்தை ஒட்டி நிறுத்தும் அமைப்பை ஆன் செய்துவிடுங்கள்.

செகண்ட் ஹாண்ட் வாங்கும்போது லேப்டாப்பை மூடி, கண்ணுக்கு நேரே கிடைமட்டமாகப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். பிறகு திறந்து, டச்பேடின் நான்கு ஓரத்திலும் நகத்தை ஓட்டுங்கள். ஒரு பக்கம் நகம் இடறினால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசக்கூட வேண்டாம், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.